பனகல் ரோட்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை: ரிசர்ச் ஃபார்மும் கொயர் புக்கும் ஒரே இடத்துல

ஜெராக்ஸ் கடைக்கெல்லாம் ரிவ்யூவான்னு கேப்பீங்க. மதுரை பெரியாஸ்பத்திரியைச் சுத்தி சந்துக்கு நாலு கடை இருக்கு, எங்க குடுத்தாலும் காப்பி காப்பிதானேன்னு ரெண்டு வருசமா நானும் அப்படித்தான் இருந்தேன், கூட்டம் எங்க கம்மியா இருக்கோ அங்கிட்டு போய் நிப்பேன். இந்தக் கடைக்குப் போன பெறகு அப்படி நினைக்க முடியல, அதான் எழுதுறேன். பேர் போடல, கடைக்கார அண்ணே வேணாம்னு சொல்லிட்டாரு. கோரிப்பாளையம் சிக்னல்ல இருந்து பனகல் ரோட்டுல ஆஸ்பத்திரியைத் தாண்டி வந்தா ஒரு மெடிக்கல் ஷாப்புக்கும் டீக்கடைக்கும் நடுவுல மாடிப்படி ஏறும், அந்தப் படிக்கு மேல இருக்கு. ரோட்டுல இருந்து போர்டு தெரியாது.

நான் எம்பிபிஎஸ் மூணாவது வருசம். சர்ச் கொயர்ல, அதாவது பாட்டுக் குழுவுல, ஆல்ட்டோ (பொம்பளைங்க பாடுற கீழ்க் குரல்) பாடுறேன், ஸ்கூல்ல இருந்தே. போன வருசம் ஐசிஎம்ஆர்ல, அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்ல, எம்பிபிஎஸ் பசங்களுக்குன்னு 1979ல இருந்து நடத்துற எஸ்டிஎஸ்ங்கிற குறுகிய கால ஆராய்ச்சி புரோகிராம்ல எனக்கு ஒரு புராஜெக்ட் கெடச்சுச்சு, ரெண்டு மாசத்துல டேட்டா எடுத்து ரிப்போர்ட் குடுக்கணும். என்னோட தலைப்பு குரல். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுலயும் காய்கறி மார்க்கெட்டுலயும் விடிய விடிய விலை கூவுறவங்களுக்குத் தொண்டை என்னாகுதுங்கிறதுதான். பாடுறவ இல்லாட்டி இந்தத் தலைப்பு எனக்குத் தோணியே இருக்காது. ரெண்டு பிராக்டிஸ் சேந்தாப்புல வந்தாலே எனக்கு மறுநாள் கொரல் கட்டிக்கும், இவங்க ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சு காலைல ஒன்பது வரைக்கும் வருசம் முழுக்க கத்துறாங்களே, அவங்க குரல்நாண்ல (தொண்டைக்குள்ள அதிர்ந்து கொரல் எழுப்புற ரெண்டு மடிப்பு) என்ன நடக்கும்னு ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. குரலை முரட்டுத்தனமா உபயோகிச்சா குரல்நாணோட முன்பக்கம் மூணுல ஒரு பங்கு முடியுற எடத்துல, அதாவது ரெண்டு நாணும் ரொம்ப வேகமா மோதிக்கிற எடத்துல, காய்ப்பு காச்ச மாதிரி முடிச்சு வரும்னு இ.என்.டி. போஸ்டிங்ல படிச்சிருப்போம்ல, அது.

கேள்வித்தாள் ஒண்ணும் பெருசில்ல. வி.எச்.ஐ-10ன்னு, குரல் பிரச்சனையால ஒருத்தருக்கு எம்புட்டு செரமம்னு அளக்குறதுக்கு 2004ல வந்தது, பத்தே கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4 வரைக்கும் மார்க், மொத்தம் 40. 11க்கு மேல போனா குரல்ல பிரச்சனை இருக்குன்னு எடுத்துக்குவோம். முன்னாடி இந்த ஆளுங்ககிட்ட யாரும் பாத்த கணக்கு எங்க கைக்கு கெடைக்காததால, எத்தன பேர்கிட்ட கேக்கணும்னு கணக்குப் போட, 50 சதவீதம் பேருக்கு பிரச்சனை இருக்கும்னு வச்சு, பிழை 10 சதவீதம்னு வச்சு, 4 பெருக்கல் 50 பெருக்கல் 50 வகுத்தல் 100 (பத்துப் பத்து)ன்னு போட்டா நூறு பேர் வரும், பாதில எந்திரிச்சுப் போறவங்களுக்காக பத்து கூட்டி 110. ஒரு ஆளுக்கு தகவல் தாள் ரெண்டு பக்கம், ஒப்புதல் படிவம் ஒண்ணு நமக்கு ஒண்ணு அவங்களுக்கு, கேள்வித்தாள் ரெண்டு பக்கம். கூட்டிப் பாத்துக்கோங்க எம்புட்டு பேப்பர்னு.

மொத தடவை வேற ஒரு கடைல அடிச்சேன். எந்தக் கடைன்னு சொல்ல வேண்டியதில்ல, அவங்க மேல கோவமும் இல்ல. அது இங்க்ஜெட் பிரிண்ட்னு எனக்கு அப்ப தெரியாது. பூ மார்க்கெட்டுக்கு காலைல நாலரைக்குப் போயிருக்கீங்களா? தரையெல்லாம் ஈரம், பூவுக்கு தண்ணி தெளிச்சுக்கிட்டே இருப்பாங்க, சாக்கு ஈரம், கை ஈரம், உக்காரச் சொல்லி போடுற ஸ்டூலும் ஈரம். மூணு நாள்ல 23 பேர்கிட்ட எடுத்தேன். ஹாஸ்டல்ல வந்து பைல இருந்து எடுத்துப் பாத்தா பிரிண்ட் எழுத்து ஊதாக் கலர்ல பரவி, நான் ஜெல் பேனால சுழிச்ச நம்பரும் சேந்து கலங்கி, 17 ஃபார்ம் படிக்கவே முடியல. அன்னிக்கு அழுதுட்டேன். கிட்டத்தட்ட ஞாபகம் இருக்கே, நாமளே நிரப்பிரலாம்னு கூட இருந்தவ நல்ல மனசோடதான் சொன்னா, ஆனா அந்த அம்மாக்கள் சொல்லாத பதிலை நான் எழுதுனா அதுக்குப் பேரு ஆராய்ச்சியே கெடையாது. அந்தப் பதினேழையும் தூக்கிப் போட்டுட்டு திரும்ப ஆரம்பிச்சேன்.

அப்பதான் மேல்படிப்பு படிக்கிற ஒரு பி.ஜி. அக்கா இந்தக் கடைக்கு அனுப்பிவிட்டாங்க. நனைஞ்ச ஃபார்மைக் காட்டுனேன். அண்ணே அதை வாங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, பேப்பரை எதுவும் சொல்லல, “எங்க வச்சு எழுதுவ பாப்பா?”ன்னு கேட்டாரு. மார்க்கெட்டைச் சொன்னேன். ஒடனே மெசின்ல ஒரு பக்கம் அடிச்சு, டீ டம்ளர்ல கைய நனைச்சு அது மேல தடவிக் காட்டுனாரு, ஒரு எழுத்து அசையல. லேசர் பிரிண்ட்ல இங்க் கெடையாது, டோனர்ங்கிற பொடியைச் சூட்டுல பேப்பரோட உருக்கி ஒட்டுது, அதனால தண்ணி பட்டா பேப்பர்தான் நனையும் எழுத்து கரையாதுன்னு சொன்னாரு. 70 ஜி.எஸ்.எம் (பேப்பரோட கனம்) வேணாம், ஈரத்துல கிழியும், 100 போட்டுக்கோ, ஜெல் பேனாவைத் தூரப் போட்டுட்டு அஞ்சு ரூபா பால்பாயிண்ட் வாங்கிக்கோன்னாரு. 0, 1, 2, 3, 4ன்னு பதில் அட்டை ஒண்ணு மட்டும் பெரிய எழுத்துல அடிச்சு லேமினேட் பண்ணித் தந்தாரு, அதை அவங்க கைல குடுத்து விரல வைக்கச் சொன்னா போதும். 30 ரூபாதான் அதுக்கு.

இதுக்கே நான் ரிவ்யூ எழுதியிருப்பேன். ஆனா அதுக்கப்புறம் நடந்தது இன்னும் பெருசு. ஒப்புதல் படிவத்தை அவரு மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சாரு. ஜெராக்ஸ் கடைல நம்ம குடுக்கறதை யாரும் படிச்சு நான் பாத்ததில்ல. படிச்சிட்டு கடைசி வரில விரல வச்சாரு. “கையெழுத்து / இடது பெருவிரல் ரேகை”ன்னு ஒரே கோடு, அதுக்கு மேல அரை இஞ்சு எடம். “கைநாட்டு வைக்கிற ஆத்தாவுக்கு இந்த எடம் பத்துமா பாப்பா? மை மேல இருக்குற பேருல போயி அப்பும்ல”ன்னாரு. ஐசிஎம்ஆரோட 2017 நெறிமுறைல படிக்கத் தெரியாதவங்ககிட்ட எடுக்கும்போது சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்கணும், ரேகை வாங்கணும்னு இருக்கு, நானும் மனப்பாடமா வச்சிருந்தேன், நெறிமுறைக் கமிட்டியும் பாத்து ஓகே பண்ணுச்சு, ஆனா ஒரு பெருவிரல் எவ்வளவு அகலம்னு நாங்க யாருமே யோசிக்கல. கைடுக்கு போன் போட்டு, வார்த்தை ஒண்ணு கூட மாறாது சார் இடைவெளி மட்டும்தான்னு கேட்டுட்டு, ஒரு கட்டம் போட்டு வாங்குனேன். அந்தக் கட்டத்துக்குள்ள அடுத்த வாரம் மல்லி கட்டுற ஒரு ஆத்தா பெருவிரல அழுத்தி வச்சப்ப ரேகை அம்புட்டும் அழகா உக்காந்துச்சு. நார் அறுத்து அறுத்து குறுக்கால வெட்டு விழுந்த விரல், அந்த வெட்டுங்கூட ரேகைல தெரிஞ்சுச்சு. ஒம்பது மணிக்கு மேல எங்கிட்டு இருந்து வரும் கொரலு, பேத்திய கூப்புடக்கூட கையத்தான் தட்டுவேன்னு சொன்னாங்க.

இப்ப கொயர் கதைக்கு வாரேன். எங்க கொயர்ல நாப்பது பேர், பாதிப் பேரு அறுபதைத் தாண்டுனவங்க, ஸ்டாஃப் நொட்டேசன் (அஞ்சு கோட்டுல எழுதுற இசைக் குறிப்பு) படிக்கிறவங்க அஞ்சாறு பேருதான், மிச்சம் எல்லாம் டானிக் சால்ஃபா. 19ம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஜான் கர்வன் பரப்புன முறை, மிசன்காரங்களோட வந்து நம்ம திருநெல்வேலிப் பக்கம் வேர் புடிச்சுருச்சு, எங்க கொயர் மாஸ்டரும் அந்தப் பக்கத்துக்காரருதான். அதுல சுரத்துக்கு எழுத்து, மத்ததெல்லாம் புள்ளியும் கோடும். ரெட்டைப் புள்ளி வச்சா அடுத்த தாளம், ஒத்தைப் புள்ளி வச்சா அரைத் தாளம், எழுத்துக்குக் கீழ சின்னக் கீத்து இருந்தா கீழ் ஸ்தாயி, மேல இருந்தா மேல் ஸ்தாயி. இதை ஜெராக்ஸ் எடுத்தா என்னாகும்னு நெனைச்சுப் பாருங்க. லைட்டா எடுத்தா கீத்து மறைஞ்சு போயி ஆல்ட்டோ பாதிப் பேரு ஒரு ஸ்தாயி மேல போயிருவோம், டார்க்கா எடுத்தா பழைய புக்கோட பழுப்பு அப்படியே வந்துரும், மெசின் கண்ணாடில ஒரு தூசி இருந்தா அது புது அரைத் தாளமாயிரும். சும்மா சொல்லல, போன ஈஸ்டருக்கு மூணாவது வரில நாங்க ஆறு பேரும் ஒரே எடத்துல தடுமாறுனோம், அப்புறம் பாத்தா எல்லார் காப்பிலயும் அதே எடத்துல அதே கருப்புப் புள்ளி.

ஃபார்ம் அடிச்ச பழக்கத்துல கிறிஸ்துமஸ் கேரல் புக்கையும் இங்கயே கொண்டு போனேன். மொத வேலையா அண்ணே கண்ணாடியத் தொடச்சாரு, ஒரு வெள்ளைப் பேப்பரைக் காப்பி எடுத்து புள்ளி விழுதான்னு பாத்தாரு, ரெண்டு தடவை தொடச்சாரு. அப்புறம் எங்க புக்கு ஏ5 சைஸ், அதை 141 சதவீதம் பெருசாக்குனா சரியா ஏ4க்கு வரும், ஆனா ஓரத்துல ஸ்பைரல் ஓட்டைக்கு எடம் வேணும்னு 132 வச்சு எடுத்தாரு. ஸ்கேன் பண்ணி பழுப்பை எடுத்துட்டு புள்ளி கீத்தெல்லாம் நிக்குதான்னு ஒரு பக்கத்தை மட்டும் அடிச்சுக் குடுத்து, “பாடிப் பாத்து சொல்லு பாப்பா, பெறகு நாப்பது போடுவோம்”னாரு. கடைல நின்னே வாய்க்குள்ள முணுமுணுத்துப் பாத்தேன், சரியா இருந்துச்சு.

அவரு கேட்ட இன்னொரு கேள்விதான் கொயர்ல எல்லாருக்கும் நான் சொல்லிக்கிட்டுத் திரியிறது. “பாடும்போது எத்தன வாட்டி தாளைத் திருப்புவீங்க?” நாலு பக்கப் பாட்டு வலது பக்கத்துல ஆரம்பிச்சா ரெண்டு தடவை திருப்பணும். அதையே ஒரு வெத்துப் பக்கம் விட்டு இடது பக்கத்துல ஆரம்பிச்சா ஒரே தடவைதான். நாப்பது பேர் மொத்தமா தாளைத் திருப்புற சத்தம் மைக்ல எப்படிக் கேக்கும்னு கொயர்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், மெதுவாப் பாடுற எடத்துல சரசரன்னு மழை மாதிரி வரும். அந்த வெத்துப் பக்கத்துக்கு காசு வாங்கல.

அக்கா, அவரு வீட்டுக்காரம்மா, உள்ள உக்காந்து டைப் பண்றாங்க. சர்ச் ஆபீஸ்ல இருந்து வந்த பாட்டு வரிகளெல்லாம் பாமினிங்கிற பழைய ஃபான்ட்ல அடிச்சது, அந்த ஃபான்ட் இல்லாத என் லேப்டாப்ல தொறந்தா புள்ளி வைக்க வேண்டிய எடமெல்லாம் அரைப்புள்ளியா இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டிக் கெடக்கும். அக்கா எந்த போன்லயும் தெரியிற யூனிகோடுக்கு மாத்திக் குடுத்தாங்க. மாத்துனா கொம்பும் காலும் அங்கங்க எடம் மாறும், சாஃப்ட்வேர் மாத்துனதை அப்படியே குடுக்காம நான் ஒரு வரி வாசிக்க அவங்க ஒரு வரி பாக்கன்னு முப்பது பாட்டும் உக்காந்து திருத்துனோம், ஒரு சாயங்காலம் போச்சு, வெளிய பருத்திப்பால் வாங்கிக் குடுத்தாங்க. இப்ப எல்லாரும் போன்லயே வரி பாத்துக்குறாங்க.

ஒண்ணு முக்கியமா சொல்லணும், மெடிக்கல் பசங்க கவனிங்க. நம்ம அனுப்புற ஃபைல் கடை கம்ப்யூட்டர்லயே கெடக்கும், அதுல யாரோட ஆதார், யாரோட கேஸ் ஷீட்னு எல்லாம் இருக்கும். நிரப்புன ஃபார்மை ஸ்கேன் பண்ணக் குடுத்தப்ப பேர் இருக்குற பக்கத்தை நான் எடுத்துட்டு நம்பர் மட்டும் வச்சுத்தான் குடுத்தேன், அது என் பொறுப்பு. ஆனா வேலை முடிஞ்சதும் ஃபைலை என் கண்ணு முன்னாடியே அழிச்சு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுனாரு, நான் கேக்கவே இல்ல.

குறையும் சொல்லிர்றேன். பி.ஜி. தீசிஸ் சப்மிட் பண்ற நேரத்துல போகாதீங்க, ரெக்சின் அட்டையும் தங்க எழுத்துமா மாடிப்படி வரைக்கும் அடுக்கி இருக்கும், நாலு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் நிக்கணும். போன் எடுக்க மாட்டாங்க. என்னோட ரிப்போர்ட்ல ரெண்டு டேபிள் பக்கம் மாறிப் போயி பைண்ட் ஆயிருச்சு, ஹாஸ்டல் வந்துதான் பாத்தேன், திரும்ப ஓடுனேன், பிரிச்சு காசு வாங்காம போட்டுத் தந்தாங்கதான், ஆனா அன்னிக்கு பிராக்டிஸுக்கு லேட்டாயிருச்சு. வாங்குன ஒடனே அங்கயே புரட்டிப் பாத்துருங்க. கோரிப்பாளையத்துல வண்டி நிறுத்த எடமே இல்ல, நடந்து போறது உத்தமம். விலை பக்கத்துக் கடைகளை விட கால் ரூபா அரை ரூபா கூடத்தான், நான் பக்கத்துக்கு ஒண்ணே கால் ரூபா குடுத்தேன், ஸ்பைரல் ஒண்ணு 45.

வாட்ஸப்ல அனுப்புனா போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்டா அனுப்புங்க, போட்டோன்னா அழுந்திப் போயி நொட்டேசன் புள்ளியெல்லாம் கரைஞ்சுரும். புதுசா கடைல விக்கிற ஸ்கோர் புக்கை முழுசா காப்பி எடுத்துக் குடுக்க மாட்டாரு, கேட்டுப் பாத்து நேரத்தை வீணாக்காதீங்க. ஞாயித்துக்கிழமை லீவு. மத்த நாள் காலைல ஒம்பதரைல இருந்து ராத்திரி ஒம்பது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி வாக்குல கூட்டம் கம்மி, நான் போஸ்டிங் முடிச்சுட்டு அப்பதான் போவேன், ஆறு மணி பிராக்டிஸுக்குள்ள வேலை ஆயிரும். கேரல் புக்கு அடிக்கிற கொயர்காரங்க நவம்பர் மொத வாரமே குடுத்துருங்க, நாங்க இந்த வருசத்துக்கு அக்டோபர் கடைசிலயே சொல்லி வச்சாச்சு.