ஓரிகன் டிரெயில்: குழுவாக விளையாடிக் கற்கும் வரலாறு

அமெரிக்காவின் மினசோட்டாவில் பயிற்சி ஆசிரியர்கள் மூவர் 1971இல் வரலாற்று வகுப்புக்கென உருவாக்கிய ‘ஓரிகன் டிரெயில்’ கணினி விளையாட்டின் 1985ஆம் ஆண்டுப் பதிப்பை, தொடக்கப்பள்ளி மாணவர்கள் குழுவாக அமர்ந்து கற்பதற்கு இன்றும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். 1848இல் மிசௌரியிலிருந்து ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேற்குப் பகுதியான ஓரிகனுக்கு மாட்டு வண்டியில் குடியேறச் செல்லும் ஐவரைக் கரைசேர்ப்பதே ஆட்டம். கையிலுள்ள பணத்துக்கு எத்தனை எருதுகள் வாங்கலாம், எந்த மாதத்தில் புறப்பட்டால் பனிக்கு முன் மலைகளைக் கடக்கலாம், ஆற்றில் வண்டியை இறக்குவதா அல்லது கட்டணம் கொடுத்துப் படகில் ஏற்றுவதா என்று ஒரே திரையைச் சுற்றி அமர்ந்த குழந்தைகள் வாதிட்டு முடிவெடுக்கும்போது, வயிற்றுப்போக்கும் காலராவும் அப்பயணிகளுக்கு எவ்வளவு பெரிய அச்சமாக இருந்தன என்பது எந்தப் பாட நூலையும்விட ஆழமாகப் பதிகிறது. இதுவே இவ்விளையாட்டின் உண்மையான வலிமை.

ஆயினும், குடியேறிகளின் பார்வையே இதில் மேலோங்குவதால், அந்நிலத்தின் பூர்வகுடிகள் இழந்தவற்றை ஆசிரியர் கட்டாயம் எடுத்துரைக்க வேண்டும். பூர்வகுடி வரலாற்றறிஞர்களின் ஆலோசனையோடு கேம்லாஃப்ட் நிறுவனம் 2021இல் வெளியிட்ட பதிப்பு இக்குறையைப் பெரிதும் களைந்திருக்கிறது. எந்தப் பதிப்பானாலும், விசைப்பலகை ஒரே குழந்தையின் கையில் தங்கிவிடாமல் முறைவைத்து மாற்றுவது அவசியம்.