பன்னிரண்டு கட்டி வாட்டர்கலர்ப் பெட்டி: மூண்டு வருசப் பாவனையும் ஒரு சிவப்பும்

விலை இறங்கியிருக்கு, வாங்கலாமோ எண்டு கேட்கினம். மாதத்துக்கொருக்கா தன்ர முகத்தைத் தானே கீறி வைச்சு, போன வருசத்து ஆளுக்கும் இப்பத்தை ஆளுக்கும் என்ன வித்தியாசம் எண்டு பார்க்கிறதுக்கெண்டால், முதலில் அந்தப் பெட்டியில கிடக்கிற கிரிம்சன் எண்ட கடுஞ்சிவப்புக் கட்டியைப் பற்றிக் கதைப்பம்.

மற்றப் பதினொண்டும் தங்கம். காவியும், சுட்ட சியன்னா எண்ட செம்பழுப்பும் இரும்பு ஒட்சைட்டு; எங்கட செம்மண் ஒழுங்கை வெளிறினால்தான் அதுகளும் வெளிறும். கிரிம்சன் மட்டும் அலிசரின், வெளிச்சம் பட்டால் வெளிறுற சாயம். உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் பி.ஆர். 83 எண்டு அந்தச் சாயத்தின்ர குறியீடு கிடக்கும். தடிப்பாப் பூசினால் கொஞ்சக் காலம் நிற்கும். முகத்துக்கு ஆர் தடிப்பாப் பூசுறது? கன்னத்துக்கு விட்ட தண்ணிப் பூச்சுத்தான் முதலில் போகுது. கண்ணுக்குக் கீழ அல்ட்ராமரின் நீலத்தோட கலந்து வைச்ச ஊதா நிழல், சிவப்புக் கழண்டு சாம்பல் நீலமா நிற்குது. சுவரில் தொங்கின முதல் வருசத்துப் படங்களில் ஆள் வருத்தக்காரன் மாதிரி. அப்ப அப்பிடிச் சோர்ந்தா கிடந்தம் எண்டு யோசிக்க வைக்கிறதே இந்தச் சாயம்தான். அளக்கிற அடிமட்டமே சுருங்கின கதை.

அதால பழைய படத்தில் நிறத்தை நம்பாதேங்கோ. காவியால் போட்ட நிழலின் எல்லையைப் பாருங்கோ: நெத்திச் சுருக்கம், தாடைக் கோடு, வாயின் ஓரம். உள்ள மாற்றம் அங்கதான் கிடக்கு. வாயோரம் ஒரு நூல் இறங்கினதைக் கண்ணாடி காட்டாது, பன்னிரண்டு படத்தை வரிசையா வைச்சால் தெரியும். அதுக்கு இந்தப் பெட்டியின் சியன்னாவைக் கும்பிடலாம்.

சோதிக்கிறது லேசு. சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள கடதாசியில் கிரிம்சனை ஐதா ஒரு பட்டை இழுத்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழுற யன்னலில் ஒட்டுங்கோ. பங்குனியில் ஒட்டினால் ஆடிக்குள்ள தெரியும். பெட்டி ஏற்கெனவே கையில் இருந்தால், பதிலுக்கு லேசில் வெளிறாத குயினாக்கிரிடோன் றோஸ், குறியீடு பி.வி. 19, தனிக் கட்டியா வாங்கி அந்தக் குழிக்குள்ள வையுங்கோ.

கீறுறதுக்கு வடக்கு யன்னலடி நல்லது, வெளிச்சம் மாறாது எண்டு ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும். கிளிநொச்சியில் சித்திரைப் பிறப்புத் தொடக்கம் ஆவணி முதல் பாதி மட்டும் மத்தியானச் சூரியனே வடக்குப் பக்கம். காலமையிலும் பின்னேரத்திலும் வெயில் சரிஞ்சு உள்ள வரும். யன்னலுக்கு வெள்ளை வேட்டி ஒண்டைக் கட்டினால் காணும்.

மாரியில் ஈரக் கட்டியோட மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு இரவு திறந்தபடி விடுங்கோ.

முடிவா? வாங்காதேங்கோ. ஆறு கட்டியைத் தனித்தனியா எடுங்கோ. ஆனால் என்ர பெட்டியைக் கேளாதேங்கோ, தரமாட்டன்.