ரேடியேட்டர் ஃபேன் கோளாறும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

என் காரில் வெப்பநிலை முள் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு எரியும். அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு எரியும். இடைப்பட்ட நிலையில் எதுவும் தெரியாது. சென்ற ஆண்டு மே மாதத்தில், பெருங்களத்தூர் நெரிசலில் நின்றிருந்தபோது ஏசி காற்றில் குளிர்ச்சி போய், சிறிது நேரத்தில் சிவப்பு விளக்கும் எரிந்தது. இறங்கிப் பார்த்தால் ரேடியேட்டர் ஃபேன் அசையாமல் நின்றிருந்தது. அதற்கு மறுவாரம் வாங்கியதுதான் இந்த ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி (வண்டி தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து சொல்லும் முறை) சாக்கெட்டில் செருகி, ப்ளூடூத் வழியாகக் கைபேசியுடன் இணைத்துக்கொள்ளும் ஈஎல்எம் 327 வகைக் கருவி. இணையக் கடையில் 600 ரூபாய்க்கும் குறைவாகவே கிடைத்தது.

இந்த விலையில் கிடைப்பவை அனைத்தும் போலிகளே என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஈஎல்எம் 327 சிப்பை உருவாக்கிய கனடா நிறுவனம் 2022இல் மூடப்பட்டுவிட்டது. என் கருவி தன்னை 1.5 பதிப்பு என்று அறிமுகம் செய்துகொள்கிறது. அந்த நிறுவனமோ அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. ஆயினும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையைப் படிக்கவும், பிழைக் குறியீடுகளை எடுக்கவும் இந்தப் போலி போதுமானதாகவே இருக்கிறது.

வெப்பநிலையை எண்ணாகப் பார்ப்பதுதான் இதன் பெரும்பயன். என் வண்டியில், இன்ஜின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்த பிறகு ஓட்டத்தில் 86 முதல் 90 டிகிரி வரை நிற்கும். சிக்னலில் நின்றால் மெல்ல ஏறும். 97ஐத் தொட்டதும் ஃபேன் சுற்றத் தொடங்கி, 92க்கு இறக்கிவிட்டு நிற்கும். இந்த ஏற்ற இறக்கத்தை வண்டி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டால், பிறகு கோளாறு வரும்போது பாதி வேலை முடிந்துவிடும். நின்றால் மட்டும் எண் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேனைச் சந்தேகிக்கலாம். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதும் என்பதால், அங்கும் எண் ஏறிக்கொண்டே போனால் கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் ஆகியவற்றையே பார்க்க வேண்டும். இரண்டு வேகத்தில் சுற்றும் ஃபேன் உள்ள கார்களில், வழக்கமான எண்ணில் சுற்றாமல் வெகுநேரம் கழித்து ஒரேயடியாக முழு வேகத்தில் கிளம்பினால், குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் போயிருக்க வாய்ப்புண்டு.

இனி இது கைவிட்ட இடம். என் வண்டியில் ஃபேன் சுற்றவே இல்லை. எண் 104ஐத் தாண்டியது. ஆனால் ஸ்கேனரோ பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்றே சொன்னது. எனக்குக் கருவியின் மீதே சந்தேகம் வந்தது. உண்மையில் அது பொய் சொல்லவில்லை. ஃபேனுக்கான பி0480 என்ற குறியீடு, என் காரைப் போல ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) வழியாக ஃபேனை இயக்கும் வண்டிகளில், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்கும் ரிலேயின் சுருளுக்கும் இடைப்பட்ட மெல்லிய கம்பியிலோ அந்தச் சுருளிலோ பழுது இருந்தால்தான் பதிவாகும். அந்த ரிலேயைத் தாண்டி ஃபேன் மோட்டார் வரை செல்லும் தடித்த கம்பியில் என்ன நடக்கிறது என்று இசியூவுக்கே தெரியாதபோது, அதனிடம் கேட்டுச் சொல்லும் ஸ்கேனருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

ஆகவே மல்டிமீட்டரை எடுத்தேன். ஃபேனின் கனெக்டரைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டபோது ரிலே சொடுக்கும் ஒலி கேட்டது, கனெக்டரில் 13.8 வோல்ட் இருந்தது. மின்சாரம் வந்தும் சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது என்றே முடிவு செய்தேன். முன்னர் காட்டிய பணிமனையிலும் ஃபேன் அசெம்பிளியை முழுதாக மாற்றச் சொல்லியிருந்தார்கள். வாங்கும் முன் எங்கள் தெருமுனையில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டியது நல்லதாகப் போயிற்று. அவர் மீட்டரைத் தொடவே இல்லை. இரண்டு கம்பி இணைத்த பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை அதே கனெக்டரில் வைத்தார். அது மங்கலாகச் சிவந்து எரிந்தது. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னார். 6 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் காட்டியது. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக அற்பம் என்பதால், பாதி எரிந்துபோன இணைப்பும் அதற்கு நல்ல இணைப்பாகவே தெரியும்; 55 வாட் பல்பு 4 ஆம்பியருக்கு மேல் கேட்கும்போது அதன் பலவீனம் வெளிப்பட்டுவிடும். அங்கிருந்து பின்னோக்கித் தேடியதில், ஃபியூஸ் பெட்டியில் ரிலேயின் 87ஆம் எண் முனை செருகும் இடம் கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகிக் கிடந்தது. முனையையும் ரிலேயையும் மாற்றியதும் ஃபேன் சுற்றியது. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

கருவி தன் விலையை முழுதாக ஈட்டிக்கொடுத்தது மைத்துனரின் காரில்தான். அதில் இதற்கு நேர்மாறான கோளாறு: சாவியைப் போட்டு இன்ஜினைக் கிளப்பிய நொடியிலிருந்து ஃபேன் நிற்காமல் சுற்றியது. ஸ்கேனரைச் செருகினால் கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்றது. சென்னையில், அதுவும் மதியம் ஒரு மணிக்கு! சென்சார் இணைப்பு அறுந்தால் வரும் எண் அது. பி0118 என்ற குறியீடும் பதிவாகியிருந்தது. உண்மையான வெப்பம் தெரியாத இசியூ, இன்ஜினைக் காப்பாற்றுவதற்காக ஃபேனை ஓடவிட்டிருக்கிறது. எலி கடித்த கம்பியை ஒட்டவைத்ததோடு வேலை முடிந்தது. ஆனால் சில கார்களில் இசியூ இத்தகைய நேரத்தில் தானாகவே ஒரு மாற்று எண்ணைக் காட்டும் என்பதால், எண் இயல்பாகத் தெரிகிறது என்று குறியீட்டைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

குறைகள் சில உண்டு. நெரிசலில் ஒன்றிரண்டு முறை ப்ளூடூத் இணைப்பு துண்டித்துக்கொண்டது. வண்டியை நிறுத்திய பிறகும் சாக்கெட்டிலேயே விட்டால் பேட்டரியைச் சிறிது சிறிதாகக் குடிக்கும். பழைய ப்ளூடூத் வகை ஐபோனில் வேலை செய்யாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை வகையையோ குறைமின் ப்ளூடூத் வகையையோ வாங்க வேண்டும். இந்தியாவில் ஓபிடி கட்டாயமானது பிஎஸ் 4 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகளோடுதான் என்பதால், அதற்கு முந்தைய கார் வைத்திருப்பவர்கள் வண்டியில் சாக்கெட் இருக்கிறதா, அது பேசுகிறதா என்று யாரிடமாவது ஸ்கேனரைக் கடன் வாங்கிச் சோதித்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.