காணாமல் போகும் முன்பே எழுதிவைக்க வேண்டிய தாள்

இங்கிலாந்திலிருந்து நான் இம்முறை ஊருக்குப் போனது ஒரே காரியத்துக்காக. டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ள அப்பா விடியும் முன்பே தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போகத் தொடங்கியிருந்தார். அவர் வழி தவறிவிட்டால் யாரை அழைப்பது, யார் தேடுவார்கள், எந்தக் கருவி கைகொடுக்கும் என்று அண்ணியோடு சேர்ந்து விசாரித்தேன். இதே கவலையோடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நாங்கள் பார்த்தவை உதவக்கூடும்.

மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற எண்ணை அழைத்தோம். தமிழிலேயே பொறுமையாகக் கேட்டு வழி சொன்னார்கள். ஆனால் அந்தச் சேவை காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான். அப்பா கிளம்புவதோ அதிகாலை நான்கு மணிக்கு. அந்த நேரத்தில் அழைக்க வேண்டியது அவசர உதவி எண்ணான 112. காணாமல் போய் 24 மணி நேரம் ஆனால்தான் போலீஸ் புகாரை வாங்கும் என்று உறவினர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. டிமென்ஷியா உள்ளவரைத் தேடுவதில் முதல் சில மணி நேரம்தான் எல்லாம்; அதைக் காத்திருந்து வீணாக்கக் கூடாது.

இங்கிலாந்தில் ‘ஹெர்பர்ட் புரோட்டோகால்’ என்று ஒரு படிவம் உண்டு. நார்மண்டிப் போரில் பங்கேற்று, பிற்காலத்தில் டிமென்ஷியாவோடு வாழ்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் என்பவரின் பெயரால் வந்தது. அடையாளங்கள், அண்மைப் புகைப்படம், மருந்துகள், பழைய முகவரிகள், வேலை பார்த்த இடங்கள், வழக்கமாகப் போகும் இடங்கள் எல்லாவற்றையும் குடும்பத்தினர் முன்கூட்டியே நிரப்பி வைத்திருப்பார்கள். ஆள் காணாமல் போனதும் அதை அப்படியே போலீசிடம் கொடுத்துவிடலாம். பதறி நிற்கும் நேரத்தில் சட்டையின் நிறம்கூட நினைவுக்கு வராது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

அதைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனோம். “காணாமல் போனால் வாருங்கள், இப்போது எதற்கு?” என்றார் முன்னால் இருந்தவர். உள்ளே இருந்த பெண் சார்பு ஆய்வாளர் தாளை வாங்கி முழுவதும் படித்தார். “படம் பழையதாக இருக்கிறதே, அண்ணா. இப்போது எப்படி இருக்கிறாரோ அப்படி ஒன்று எடுத்துக் கொடுங்கள்” என்றார். ரோந்து போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவதாகச் சொன்னார். அவருடைய அக்கறைக்கு நன்றி. ஆனால் அவர் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும்? ஒருவருடைய நல்ல மனம் மட்டும் போதாது, நிலையத்தில் ஒரு நடைமுறை வேண்டும்.

தாளில் முதல் இடமாக நாங்கள் எழுதியது அப்பா நடத்துநராக இருந்த பஸ் பணிமனை. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்றுதான் கிளம்புகிறார். டிமென்ஷியா உள்ளவர்கள் பழைய வீட்டையோ வேலையிடத்தையோ தேடிப் போவது பரவலாகக் காணப்படுவது. மறித்து வாதாடினால் கோபம் கூடும். அண்ணி, “சரிங்க மாமா, நானும் வருகிறேன்” என்று கூடவே நடந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே திருப்பி அழைத்துவந்துவிடுகிறார். நான் ஊரில் பார்த்த சேவைகளில் இதற்கு ஈடானது ஒன்றும் இல்லை.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் வில்லை, அருகில் யாருடைய போனாவது இருந்தால்தான் இடத்தைக் காட்டும். ஆளில்லாத சாலையில் பயனில்லை. சிம் போட்ட ஜிபிஎஸ் கடிகாரம் மேல், ஆனால் சார்ஜ் போட ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். அப்பா அதைக் கழற்றி வைத்துவிடுகிறார். ஆகவே சட்டைகளின் உட்புறம் தொலைபேசி எண்ணைத் தைத்திருக்கிறோம். கதவில் ஒரு மணியும் கட்டியாயிற்று. ஆளைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டுவதை மட்டும் செய்யாதீர்கள்; தீப்பற்றினால் வெளியேற வழி இருக்காது.

பக்கத்துத் தெருவில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் இருக்கிறான். அவன் அம்மாவும் வந்து அந்தத் தாளைக் கேட்டார். அவனுக்கு வேறு மாதிரி எழுத வேண்டியிருந்தது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான், கூச்சல் கேட்டால் ஒளிந்துகொள்வான், தண்ணீரைக் கண்டால் ஓடுவான். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நான்கு வயதுக்குமேல் ஒருமுறையாவது இப்படி வெளியேற முயன்ற ஆட்டிசம் குழந்தைகள் ஏறக்குறைய பாதிப்பேர். அப்படிப் போய் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோரைக் கொல்வது தண்ணீர்தான். அதனால் அவன் தாளின் உச்சியிலேயே, “முதலில் குளத்தையும் கிணறுகளையும் பாருங்கள், பிறகு தெருக்களை” என்று பெரிய எழுத்தில் எழுதினோம். குழந்தைகளுக்கான 1098 எண்ணையும் அடியில் சேர்த்தோம்.

இரண்டு தாள்களையும் இணைத்து, எல்லா நிலையங்களிலும் இப்படி விவரங்களை முன்கூட்டியே பதிவுசெய்யும் முறை வேண்டும் என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ரசீது அண்ணியிடம் இருக்கிறது. பதில் வராவிட்டால் அடுத்த மனுவை அந்தச் சிறுவனின் அம்மா கொடுப்பார்.