பழைய டீசல் பிக்கப்: பொலிரோவா, தோஸ்த்தா, டாடாவா, இசுசுவா?

தமிழ்நாட்டில் முக்கால் டன் முதல் ஒன்றேமுக்கால் டன் வரை ஏற்றும் பழைய டீசல் பிக்கப் தேடுபவர் முன் பெரும்பாலும் நான்கு வரிசைகள்தான் வந்து நிற்கும்: மஹிந்திரா பொலிரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடாவின் ஏஸ், இன்ட்ரா, யோதா, எப்போதாவது ஓர் இசுசு டி-மேக்ஸ். புது வண்டியாக இருந்தால் விலைப்பட்டியலையும் தவணைக் கணக்கையும் பார்த்து ஒரே மாலையில் முடிவெடுத்துவிடலாம். பழைய வண்டியில் அது நடப்பதில்லை. பொலிரோ என்ற ஒரே பெயரில் மூன்று தலைமுறை இன்ஜின்கள் சந்தையில் நிற்கின்றன. தோஸ்த்திலும் டாடாவிலும் அப்படியே. ஆகவே எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன் எந்த ஆண்டு என்று கேட்பதுதான் முறை.

நாடு முழுவதும் பி.எஸ்.4 என்ற புகை மாசு விதி கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 அன்று, பி.எஸ்.6 வந்தது 2020 ஏப்ரல் 1 அன்று. 2017-க்கு முந்தைய வண்டிகளில் பல, மெக்கானிக்கல் பம்ப் கொண்ட எளிய இன்ஜின்கள். சிற்றூர்ப் பட்டறையிலேயே பிரித்து மாட்டிவிடலாம், ஆனால் அவை இப்போது மிகவும் ஓடித் தேய்ந்தவை. பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, புகைக்குழாய் நன்கு சூடாகும்படி வண்டி தொடர்ந்து சிறிது நேரம் ஓடியாக வேண்டும். தெருவுக்குத் தெரு நின்று தண்ணீர் கேன் இறக்கிய வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைத்திருக்காது; எச்சரிக்கை விளக்கு எரிந்தால் சென்சார், லேப்டாப், சர்வீஸ் சென்டர் என்று செலவு வேறு பாதையில் போகும். நெடுஞ்சாலையில் ஓடிய பி.எஸ்.6 வண்டிக்கு இந்தக் கவலை குறைவு. பொதுவாகச் சொன்னால், 2017-க்கும் 2020-க்கும் இடையில் பதிவான, ஓரளவு பராமரித்த பி.எஸ்.4 வண்டிதான் பழைய சந்தையில் கொடுக்கும் பணத்துக்குத் தக்கது என்பது என் கருத்து. கீழே சொல்லும் ஒப்பீடுகளும் பெரும்பாலும் அந்தக் காலத்து வண்டிகளைப் பற்றியவையே.

பொலிரோ பிக்கப்பின் பலம் அதன் 2,523 சி.சி., நான்கு சிலிண்டர் இன்ஜின். குதிரைத்திறனைப் படித்தால் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் குறைந்த சுற்றிலேயே இழுக்கும் தன்மை அதற்கு உண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் முழு லோடுடன், இரண்டாம் கியரில் அலறாமல் ஏறும் வண்டி வேண்டுமென்றால், இந்த விலைக்குள் வேறு பெயரைச் சொல்வது கடினம். இன்ஜின் முன்பக்கம் பானட்டுக்குள் இருப்பதால் மெக்கானிக்குக் கை நுழைய இடம் உண்டு. டிரைவருக்குக் காலடியில் சூடு இல்லை. முன்னால் மோதினால் கால்களுக்கும் மோதிய இடத்துக்கும் நடுவே சிறிது தூரமும் உண்டு. உதிரிபாகம் கிடைக்காத ஊர் இல்லை. விற்கப் போனாலும் இரண்டு நாளில் ஆள் வருவார்.

இத்தனை நன்மைகளுக்கும் விலை உண்டு. ஒரே ஆண்டு, ஏறத்தாழ ஒரே ஓட்டம் உள்ள இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்தினால் பொலிரோவுக்குத்தான் எப்போதும் அதிகம் கேட்பார்கள், அந்த வித்தியாசம் சில நேரம் நியாயத்தைத் தாண்டியும் போகும். மேலும், தாங்கும் என்ற பெயர் பெற்ற வண்டியின் மேல்தான் எல்லாரும் தாங்க முடியாத பாரத்தை ஏற்றுகிறார்கள். செங்கல், எம்-சாண்ட், சிமென்ட் ஓட்டிய பொலிரோவின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் குனிந்து பார்த்தால், கம்பெனி கொடுத்த பட்டைகளுக்கு மேல் ஒன்றிரண்டு கூடுதலாகச் செருகியிருப்பது தெரியும். பட்டை கூடியிருந்தால் அந்த வண்டி எதற்கு ஓடியது என்று விற்பவரிடம் கேட்க வேண்டிய தேவையே இல்லை; பட்டை மாட்டும் பிராக்கெட்டைச் சுற்றி சேசிஸில் வெல்டிங் பட்ட தடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். காலியாக ஓடும்போது தூக்கிப் போடுவதும், குறுகிய சந்துக்குள் திருப்பச் சிரமப்படுவதும் இவ்வண்டியின் இயல்பான குறைகள்.

தோஸ்த் வேறு வகை வண்டி. அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்த கூட்டு முயற்சியில், நிசானின் பழைய வானெட் வேனின் அடித்தளத்தை வைத்து உருவாகி, ஓசூரிலிருந்து 2011-இல் வெளிவந்தது. 2016-இல் நிசானின் பங்கை லேலண்ட் வாங்கிக்கொண்ட பிறகும் வண்டி தொடர்ந்து வருவதால், பாகம் கிடைக்குமா என்ற அச்சம் தேவையில்லை. 1,478 சி.சி., மூன்று சிலிண்டர், டர்போவுடன் கூடிய காமன் ரெயில் (டீசலை உயர் அழுத்தத்தில், மின்னணுக் கட்டுப்பாட்டில் செலுத்தும்) இன்ஜின். ஒன்றேகால் டன் அளவில் பாரம். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு சமவெளிச் சாலையில் மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறவர் கணக்குப் போட்டால், டீசல் செலவில் பொலிரோவை விடத் தோஸ்த் குறைவாகத்தான் குடிக்கும். தினமும் ஓடும் வண்டிக்கு, வாங்கும்போது மிச்சமாகும் தொகையைவிட இந்த மிச்சம்தான் பெரிது. முகம் தட்டையாக இருப்பதால் மொத்த நீளம் குறைந்து, கடைவீதியில் திருப்பவும் நிறுத்தவும் எளிதாக இருக்கிறது.

இன்ஜின் இருக்கைக்குக் கீழே இருப்பதுதான் தோஸ்த்தின் முதல் குறை. சித்திரை வெயிலில் மதியம் ஓட்டுபவருக்கு அந்தச் சூடு தெரியும். சின்ன வேலைக்கும் இருக்கையைத் தூக்க வேண்டியிருப்பதால், அக்கறையில்லாத உரிமையாளரிடம் இருந்த வண்டியில் பெல்ட், ஹோஸ் போன்றவை கவனிக்கப்படாமலே கிடந்திருக்கும். மலையேற்றத்தில் சுற்றைக் குறையவிட்டால் டர்போ கைவிட்டுவிடும். கியரை முன்கூட்டியே இறக்கத் தெரிந்த டிரைவர் வேண்டும். மூன்று சிலிண்டர் என்பதால் நிற்கும்போது ஓர் அதிர்வு இருந்தே தீரும், அது கோளாறு அல்ல. வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, பவர் ஸ்டியரிங் எல்லாத் தோஸ்த்திலும் கிடையாது. அடிப்படை வகையை வாங்கிவிட்டு லோடுடன் நாள் முழுவதும் திருப்பிப் பார்த்தவர்கள் அடுத்த முறை அந்தத் தவற்றைச் செய்வதில்லை. 2020-இல் வந்த படா தோஸ்த் பெரிய வண்டி. பழைய சந்தையில் குறைவாகவே வருகிறது, வந்தாலும் விலை இறங்குவதில்லை.

டாடாவை ஒரே பெயராகப் பேசக் கூடாது. 2005-இல் வந்து 'குட்டி யானை' என்று ஊரெல்லாம் அழைக்கப்படும் ஏஸ், 702 சி.சி., இரண்டு சிலிண்டர் கொண்ட முக்கால் டன் வண்டி. நகருக்குள் பத்து இருபது கிலோமீட்டர் சுற்றுக்கு அதைவிடச் சிக்கனமானதும் எளிதாகப் பழுது பார்க்கக்கூடியதும் இல்லை. ஆனால் ஒரு டன்னுக்கு மேல் தினமும் ஏற்றப் போகிறவர் அதைப் பிக்கப்புக்கு மாற்றாக நினைப்பது தவறு. பழைய ஏஸ்களில் பாதி அந்தத் தவற்றால்தான் கிழடு தட்டியிருக்கின்றன. இன்ட்ரா 2019-இல் வந்தது. அதில் நான்கு சிலிண்டர் கொண்ட வி20, வி30 வகைகளை மட்டுமே நான் பரிந்துரைப்பேன். ஸ்டியரிங் இலகுவாக இருப்பதால் கிட்டத்தட்ட கார் ஓட்டுவது போலிருக்கும், தோஸ்த்துக்கு நேர்ப் போட்டி இதுதான். யோதா பொலிரோவுக்குப் போட்டியாக வந்தது. பி.எஸ்.6 யோதாவின் 2.2 லிட்டர் இன்ஜினில் சக்திக்குக் குறைவே இல்லை. ஆனால் மறுவிற்பனையில் பொலிரோவின் பெயர் அதற்கு இல்லாததால், வாங்கும்போது மலிவு, விற்கும்போதும் மலிவு. பத்தாண்டு வைத்து ஓட்டப் போகிறவருக்கு அது குறையே அல்ல.

இசுசு டி-மேக்ஸ் இந்தக் கூட்டத்தில் சற்று விலகி நிற்கிறது. ஆரம்பத்தில் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் ஒன்றுசேர்க்கப்பட்டு, 2016 முதல் ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. 2,499 சி.சி. இன்ஜினும், முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷனும் உள்ளதால் நெடுஞ்சாலையில் ஓடும் நிதானம் மற்ற மூன்றிலும் கிடைக்காது. மின்சாதனங்கள், கண்ணாடி, ஓட்டல் உபகரணங்கள் என்று உடையக்கூடிய சரக்கைத் தொலைதூரம் கொண்டு செல்பவர் இதைப் பார்க்கலாம். உங்கள் ஊரிலிருந்து அதன் சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் முதலில் பாருங்கள். பெரிய நகரங்களைவிட்டு விலகினால் பாகத்துக்குக் காத்திருக்க நேரும், வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை போகும். மாருதி சூப்பர் கேரியின் 793 சி.சி. டீசலை 2020-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள் என்பதால் அதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை.

எந்தக் கம்பெனி வண்டியானாலும் அதன் முந்தைய வாழ்க்கையைத்தான் நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். என் பட்டியலில் கடைசி இடம் மீன் ஏற்றிய வண்டிக்கு. ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர் தொட்டியின் மூலைகள் வழியே இறங்கி, சேசிஸ் பீமின் உட்புறத்திலும் பிரேக் பைப்புகளிலும் தங்கிவிடும். மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள், கீழேயும் புதிதாகக் கறுப்பு அடித்திருப்பார்கள். நாகப்பட்டினம், தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்துப் பதிவு எண் உள்ள வண்டிகள் எல்லாம் மீன் வண்டிகள் அல்ல என்றாலும், அவற்றின் பீமை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போவது நல்லது. கெட்டி இரும்பின் ஓசைக்கும், செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கும் இரும்பின் மந்தமான ஓசைக்கும் வித்தியாசம் தெரிய மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. முட்டை, பால், பேக்கரிச் சரக்கு ஏற்றிய வண்டிகள் கிலோமீட்டர் அதிகம் ஓடியிருந்தாலும் பாரத்தால் அடிபட்டிருக்காது; ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பால் வண்டியை, அறுபதாயிரம் ஓடிய செங்கல் வண்டிக்கு மேலாக நான் மதிப்பேன்.

இன்ஜினைப் பார்க்கக் காலையில், விற்பவர் ஒருமுறை ஸ்டார்ட் செய்து சூடாக்குவதற்கு முன் போக வேண்டும். குளிர்ந்த நிலையில் செல்ஃப் எவ்வளவு நேரம் சுற்றுகிறது, முதல் புகை எந்த நிறம் என்று பார்த்தபின், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, அந்தத் துளையின் மேலேயே கவிழ்த்து வைக்க வேண்டும். மூடி இலேசாக நடுங்கினால் பரவாயில்லை. குதித்துக் கீழே விழுந்து, துளையிலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன் இருக்கிறது, அதாவது சிலிண்டரின் அழுத்தம் கீழே கசிகிறது; சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போர் வேலை நெருங்கிவிட்டது. பிறகு டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள். காமன் ரெயில் வண்டிகளில் இவை விலை கூடியவை என்பதால், நம்முடைய மெக்கானிக்கை அழைத்துப் போய் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதற்கு ஆகும் கூலி வீண்செலவு அல்ல.

எதை வாங்கலாம் என்று நேராகக் கேட்பவருக்கு என் பதில் இது. மலைப்பாதை, தோட்டத்து மண்பாதை, ஒன்றரை டன் பாரம் என்றால் பொலிரோ, விலை கூடினாலும். சமவெளி, தார்ச்சாலை, ஒன்றேகால் டன்னுக்குள், தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் என்றால் பவர் ஸ்டியரிங் உள்ள தோஸ்த்; அது நல்ல நிலையில் கிடைக்காவிட்டால் இன்ட்ரா வி30. யோதா, வண்டியை விற்கும் எண்ணமே இல்லாதவருக்கு. கையில் இருக்கும் பணத்துக்கு மோசமான பொலிரோவும் நல்ல தோஸ்த்தும் கிடைக்கும் என்ற நிலை வந்தால், பெயரைப் பார்த்துப் பொலிரோவை எடுப்பவர்கள் பலர். நான் எடுக்க மாட்டேன்.

தேர்வில் காகிதங்களுக்கும் பங்கு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. தோஸ்த் இந்த வரம்புக்குள் வரும், 1.7 டன் பொலிரோ வராது. ஆகவே ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) மொத்த எடை என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம்: 7,500 கிலோ வரை சாதாரண இலகுரக வாகன லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்று முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். எட்டை நெருங்கும் வண்டியின் விலையில் இந்தச் செலவையும் கழிக்கச் சொல்லலாம். வண்டி தவணையில் இருந்திருந்தால், கடன் முடிந்ததற்கான தடையின்மைச் சான்றும், பைனான்ஸ் பெயரை ஆர்.சி.யிலிருந்து நீக்குவதற்கான 35-ஆம் படிவமும், பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களும் கையெழுத்தாகிக் கைக்கு வர வேண்டும். இன்சூரன்ஸை நம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பாக்கி அபராதங்களை அரசின் இ-செலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, பேசிய தொகையில் ஒரு பகுதியைப் பெயர் மாறிய ஆர்.சி. வரும்வரை நிறுத்தி வைப்பதாக முன்பணம் கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். இதற்குச் சம்மதிக்காத புரோக்கரிடம் வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடலாம்.