சிங்கப்பூர் கடைவீட்டில் ‘சர்வீஸ் அபார்ட்மென்ட்’: முன்பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

பச்சை மரச் சன்னல், பூப்போட்ட பீங்கான் ஓடு, வாசலில் ஐந்தடி நடைபாதை. “1920களின் கடைவீடு, முழுக்கப் புதுப்பித்தது, சமையல் வசதி உண்டு, குறைந்தது 3 இரவு” என்று விளம்பரம். (கடைவீடு என்றால் கீழே கடை, மேலே குடியிருப்பு என்று கட்டிய பழைய வரிசைவீடு.) படத்தில் மயங்குகிறவர்கள் அந்தக் கடைசி வரியைக் கவனிப்பதில்லை. ஏமாற்று அங்கேதான் தொடங்குகிறது.

சிங்கப்பூரில் சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு, அதாவது சமையலறையும் துப்புரவுச் சேவையும் சேர்த்து வாடகைக்கு விடும் வீட்டுக்கு, குறைந்தபட்சத் தங்கல் 7 நாள். சாதாரணத் தனியார் வீடு என்றால் தொடர்ந்து 3 மாதம், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு என்றால் 6 மாதம். ஓர் இரவு, இரண்டு இரவு என்று விற்கிற உரிமை லைசென்ஸ் வாங்கிய ஹோட்டலுக்கு மட்டும். ஆகவே கடைவீட்டில் 3 இரவுக்கு அறை தருகிறோம் என்றால், ஒன்று அது ஹோட்டலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சட்டத்துக்குப் புறம்பானது. நடுவில் வேறு வகை கிடையாது. கடைவீட்டில் முறைப்படி நடக்கும் ஹோட்டல்கள் சைனாடவுன், லிட்டில் இந்தியா, தஞ்சோங் பகார் பக்கம் நிறையவே உண்டு. குறை சொல்வது அவற்றை அல்ல.

சட்டத்துக்குப் புறம்பானது எப்படி ஓடுகிறது என்றால், ஒருவர் முழுக் கடைவீட்டையும் குடியிருப்பு என்று வாடகைக்கு எடுக்கிறார். பலகை வைத்து ஐந்தாறு அறையாகத் தடுக்கிறார். உங்களிடம் 3 மாத ஒப்பந்தம் ஒன்றை அனுப்பி, “சும்மா ஃபார்மாலிட்டிதான், சைன் பண்ணுங்க” என்பார். கூடவே ஒரு செய்தி வரும்: “யாராவது கேட்டா ஃப்ரெண்ட் வீட்டுக்கு வந்திருக்கோம்னு சொல்லிடுங்க.” அந்தத் தாள் அவரைக் காப்பாற்றத்தான். நீங்கள் 3 இரவில் கிளம்பினால், தாளின்படி ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள். முன்பணத்தைப் பிடித்துக்கொள்ள அவருக்கு அதுவே காரணம். பக்கத்து வீட்டார் கட்டடப் பயன்பாட்டைக் கண்காணிக்கும் நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்குப் புகார் கொடுத்து, குற்றம் நிரூபணமானால், வாடகைக்கு விட்டவருக்கு 2,00,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விழலாம். அந்தப் பயத்தில் கதவுப் பூட்டின் எண்ணை அன்று மாலையே மாற்றிவிடுகிற ஆட்களும் உண்டு. பெட்டியோடு நடைபாதையில் நிற்பது விருந்தாளி.

இன்னொரு வழக்கமான வேலை இடமாற்றம். விமானம் இறங்கியதும், “குழாய் உடைஞ்சிருச்சு, அதே தரத்துல வேற இடம் கொடுக்கிறோம்” என்று செய்தி வரும். போய்ப் பார்த்தால் ஊரின் வேறொரு மூலையில் சன்னலில்லாத ஓர் அறை. படத்தில் இருந்த முகப்பு அறை பல பேருக்கு ஒரே நேரத்தில் விற்கப்பட்டிருக்கும். பணம் கட்டும் முன்பே எத்தனையாவது மாடி, எந்த அறை, முன்பக்கமா பின்பக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். “இடம் மாற்றினால் முழுப் பணமும் திரும்ப” என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

இனிக் கட்டடம். கடைவீடு என்பது இருபுறமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர் கொண்ட, அகலம் குறைந்து உள்ளே நீளமாக ஓடுகிற வீடு. வெளிச்சம் வர முன்பக்கம், பின்பக்கம், நடுவில் திறந்த காற்றுவெளி ஆகிய மூன்றே வழி. நம் ஊர் முற்றம் மாதிரிதான். புதுப்பிக்கும்போது இடத்தை மிச்சப்படுத்த அந்தக் காற்றுவெளிக்கு மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்டு மூடிவிடுகிறார்கள். அதன் பிறகு நடு அறையின் சன்னல் திறப்பது ஒரு மூடிய குழாய்க்குள். பக்கத்து அறைச் சமையல் வாடை, ஏர்கான் சூடு, குளியலறை ஈரம் எல்லாம் அங்கேதான் சேரும். விளம்பரத்தில் இதற்கு “ஸ்கைலைட் ரூம்” என்று பெயர். சன்னலைத் திறந்து வெளியே என்ன தெரிகிறது என்று 10 நொடி வீடியோ கேளுங்கள். படம் போதாது. அகலக்கோண லென்ஸில் 9 சதுர மீட்டர் அறையும் கூடமாகத் தெரியும்.

முன்பக்க அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு வேறு தொல்லை. 1989இல் தொடங்கி 7,200க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் முகப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மரச்சட்டத்தில் சாய்தகடு வைத்த சன்னலில் இடுக்கு வழியே தெருச்சத்தம் அப்படியே உள்ளே வரும். உள்பக்கம் தனியாக ஒரு கண்ணாடிச் சன்னல் போட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். மாடித்தளம் பெரும்பாலும் மரப்பலகை. பலகைக்கு மேலே கம்பளமோ கீழே ஒலித்தடுப்போ இல்லையென்றால் மேல்மாடிக்காரர் நடப்பது, நாற்காலி இழுப்பது எல்லாம் உங்கள் தலைக்கு மேல்தான். லிஃப்ட் பல வீடுகளில் இல்லை. படிகள் செங்குத்து, குறுகல். வயதான பெற்றோரோடும் 30 கிலோ பெட்டியோடும் வருகிறவர்கள் தரைத்தளமோ முதல் மாடியோ கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம்.

குளியலறை இந்த வீடுகளில் பிற்பாடு வந்தது. மலவாளி எடுக்கும் முறை சிங்கப்பூரில் 1987 வரை இருந்தது. வீடுகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளின் ஒரு பயனே அந்த வாளிகளை எடுத்துப்போவதுதான். இப்போது ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளியலறை என்று திணிக்கும்போது, கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டுமே என்று தரையை ஒரு படி உயர்த்துகிறார்கள். இரவில் கால் இடறும். சரிவு போதாவிட்டால் தண்ணீர் நிற்கும், நாற்றம் வரும். வருகிற அன்றே ஷவரை 5 நிமிடம் திறந்துவிட்டுத் தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள்.

சமையலுக்காகத்தான் நம்மவர்கள் ஹோட்டலை விட்டு இதைத் தேடுகிறார்கள். ஒப்பந்தத்தில் “லைட் குக்கிங்” என்றிருந்தால் தாளிப்பு, பொரியல், மீன் குழம்பு எல்லாம் மீறல் என்று கணக்கு வைத்துச் சுத்தம் செய்த கட்டணம் பிடிப்பார்கள். அடுப்பு எத்தனை, புகைபோக்கி வெளியே போகிறதா, பாத்திரம் உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மின்சாரமும் இடிக்கும். 3,000 வாட் வாட்டர் ஹீட்டர் ஒன்றே 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். ஒரு வீட்டுக்கு வந்த இணைப்பை ஆறு அறைக்குப் பிரித்தால், காலை 7 மணிக்கு ஹீட்டர், ஏர்கான், மின்அடுப்பு சேர்ந்ததும் மொத்த மாடியும் இருட்டு. ஃபியூஸ் பெட்டி வேறொருவர் அறைக்குள் பூட்டியிருக்கும்.

முன்பணம் போவது பெரும்பாலும் சுவரால். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரம் உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அது தானாக உலர்ந்தது. மேலே சிமெண்ட்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் பூசியதால் ஈரம் வெளியேற வழியில்லை. அடியிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை உப்புப் பூத்துப் பெயின்ட் உரியும். விருந்தாளி எதுவும் செய்யத் தேவையில்லை. ஆனால் கிளம்பும் நாளில் “சுவர் சேதம், 400 வெள்ளி” என்று பில் வரும். ஏர்கானின் வடிகுழாய் அடைத்துச் சொட்டினால் மரத்தரையில் கறை, அதற்கும் உங்கள் கணக்குதான். சாவி வாங்கிய முதல் மணி நேரத்தில், சுவர் அடிப்பகுதி, ஏர்கானுக்குக் கீழே உள்ள தரை, மெத்தையின் இரு பக்கம், கதவு நிலை, மின்மீட்டர் ஆகியவற்றை வெளிச்சத்தோடு வீடியோ எடுத்து அன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உங்கள் போனில் வைத்திருந்தால் “எப்போ எடுத்ததோ” என்பார்கள்.

விலையில் ஒரு தந்திரம். 200 வெள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 220, அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து 239.80. இது முறையான வழக்கம். ஆனால் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யாதவர் அந்த 9 விழுக்காட்டை வசூலிக்கக் கூடாது. பதிவு எண் கேட்டு உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கலாம், காசு இல்லை.

ஏஜென்ட் என்று ஒருவர் பேசினால் அவருடைய பதிவு எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். உண்மையான ஏஜென்ட்டின் எண்ணையும் படத்தையும் திருடிப் பேசுகிறவர்கள் அதிகம். சொத்து முகவர் மன்றத்தின் பொதுப்பதிவேட்டில் அவர் பேசுகிற தொலைபேசி எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அங்கே வேறு எண் இருந்தால் பதிவேட்டு எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பேநவ்வில் (தொலைபேசி எண்ணை வைத்து உடனே வங்கிப் பணம் அனுப்பும் சேவை) பணம் அனுப்புமுன் திரையில் வருகிற பெயர் ஒப்பந்தத்தில் உள்ள பெயரா என்று பாருங்கள். “என் மச்சான் அக்கவுன்ட்” என்றால் அங்கேயே நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண் உண்டு. கிரெடிட் கார்டில் கட்டினால் பிறகு மறுப்புச் சொல்ல வழி இருக்கிறது. நேரடிப் பரிமாற்றத்தில் போன பணம் பெரும்பாலும் போனதுதான்.

உண்மையாகவே 3 மாதம் தங்குகிறவர்கள் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 4,000 வெள்ளி என்றால் மூன்று மாதத்துக்கு 48 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்தானால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. சின்னத் தொகையை மிச்சம் பிடித்துப் பெரிய முன்பணத்தை இழக்க வேண்டாம்.

தகராறு வந்தால் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றம் இருக்கிறது. 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை வழக்கை எடுக்கும். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி. வக்கீல் வைக்க முடியாது, எதிர்த்தரப்பாலும் முடியாது. மனுவை இணையத்திலேயே போடலாம். யார்மேல் போடுகிறீர்கள் என்பதற்குச் சரியான நிறுவனப் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். அதைச் சாவி வாங்கும் அன்றே ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள். “சாம், கடைவீடு ஓனர்” என்ற வாட்ஸ்அப் பெயர்மேல் மனு போட முடியாது.