அடக்கமான மறுவடிவம்: எக்ஸ்எஃப், 5 சீரிஸ், ஈ-கிளாஸ் மூன்றில் ஜாகுவாருக்கு மட்டும் ஏன் "புதுசா ஒன்றும் இல்லை" என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது?

2015 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை ஜாகுவார் எக்ஸ்எஃப்பை லண்டன் கேனரி வார்ஃபில் தண்ணீருக்கு மேலே இழுத்துக் கட்டிய கம்பிவடங்களின் மீது ஓட்டிக் காட்டினார்கள். அந்தச் சாகசத்தைப் பேசியவர்களைவிட, "இதில் புதுசா என்ன இருக்கு?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்வி ஜாகுவாருக்கு மட்டும் வந்ததல்ல. 2010-இன் பிஎம்டபிள்யூ 5 சீரிஸுக்கும் வந்தது, 2016-இன் மெர்சிடிஸ் ஈ-கிளாஸுக்கும் வந்தது. பிந்தைய இரண்டும் சில மாதங்களில் அந்தப் பேச்சைக் கடந்து போய்விட்டன. எக்ஸ்எஃப்புக்கு அது 2024-இல் உற்பத்தி நிற்கும்வரை ஒட்டிக்கொண்டே வந்தது.

அடக்கமான தோற்றம்தான் காரணம் என்றால் மூன்றுமே ஒரே மாதிரி அடி வாங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. புதிய கார் தன் பழைய தலைமுறையை ஒத்திருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், அதே நிறுவனத்தின் விலை கூடிய அண்ணனை ஒத்திருந்தால் உள்ளூர மகிழ்கிறார்கள். விலை குறைந்த தம்பியை ஒத்திருந்தால்தான் மன்னிப்பதில்லை. மூன்று கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

எதற்குப் பின்னால் வந்தன

2010 5 சீரிஸுக்கு முன்னால் இருந்தது 2003-இன் கார். கிறிஸ் பேங்கிள் வடிவமைப்புத் தலைவராக இருந்த காலத்தில் டேவிடே ஆர்கேஞ்செலி வரைந்தது அது. புருவம்போல் மேலேறி பெண்டருக்குள் (சக்கரத்தின் மேல்தகடு) ஓடும் ஹெட்லைட், டிக்கி மூடியின் கனத்த விளிம்பு என்று அத்தனையும் சண்டைக்கு இழுத்தன. ஆனாலும் அது 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. வசை வாங்கிய வடிவம் விற்காது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதன் பிறகு வந்த அடக்கமான கார் பலருக்கு ஓய்வாகப் பட்டது. "பழைய 5 சீரிஸ் திரும்பி வந்துவிட்டது" என்பது பாராட்டாகவே சொல்லப்பட்டது. மையக் கன்சோலை மறுபடி ஓட்டுநர் பக்கம் திருப்பி வைத்ததும் அந்த நல்லெண்ணத்தோடு சேர்ந்துகொண்டது.

ஈ-கிளாஸ் கதையும் ஏறத்தாழ இதுவே. 2009 கார் கூர்மையான மடிப்புகளோடு வந்தது. ஒவ்வொரு பக்கமும் இரண்டாகப் பிரிந்த ஹெட்லைட், பின்சக்கரத்துக்கு மேலே 1950-களின் மெர்சிடிஸை நினைவூட்டும் ஒரு புடைப்பு. 2013-இல் ஃபேஸ்லிஃப்ட் (மாடலின் நடுவயதில் செய்யும் தோற்றத் திருத்தம்) செய்தபோது நிறுவனம் இரண்டையுமே எடுத்துவிட்டது. பொதுவாக ஃபேஸ்லிஃப்ட் என்றால் பம்பர், கிரில், விளக்குகளோடு முடிந்துவிடும். இவை போல்ட் போட்டு மாட்டும் பாகங்கள், அச்சுச் செலவு குறைவு. பின்பெண்டரோ உடலோடு பற்றவைக்கப்பட்ட தகடு. அதை மாற்ற வேண்டுமென்றால் புதிய அழுத்து அச்சுகள் வேண்டும், உடலைப் பற்றவைக்கும் உற்பத்தி வரிசையிலும் கைவைக்க வேண்டும். அத்தனை செலவையும் ஒரு நடுவயது மாடலுக்குச் செய்தார்கள் என்றால், அந்தத் தோற்றத்தின் மீதான வெறுப்பு உள்ளே எவ்வளவு கேட்டிருக்கும் என்று புரிந்துகொள்ளலாம். 2016-இன் வழவழப்பான கார் அந்தப் பாதையின் தொடர்ச்சிதான்.

எக்ஸ்எஃப் நிலைமை நேரெதிர். 2007-இல் வந்த முதல் எக்ஸ்எஃப்பே ஜாகுவாரின் பெரும் பாய்ச்சல். பழைய காலத்தை நகலெடுத்த எஸ்-டைப்பை ஓரங்கட்டிவிட்டு, ஜாகுவார் வடிவமைப்புத் தலைவர் இயன் கேலமின் குழு கூபே (இரு கதவு கார்) போன்ற கூரைச்சரிவை ஒரு நான்கு கதவு செடானுக்குக் கொடுத்தது. அதற்கு வந்த ஒரே பெரிய குறை ஹெட்லைட். அதே ஆண்டு ஜனவரியில் டெட்ராய்ட்டில் காட்டிய சி-எக்ஸ்எஃப் கான்செப்ட்டில் விளக்குகள் கீறல் போல மெலிந்திருந்தன. தயாரிப்புக்கு வந்த காரிலோ பெரிதாகிவிட்டன. 2011 ஃபேஸ்லிஃப்ட்டில் அதையும் மெலிதாக்கிச் சரிசெய்தார்கள். ஆக, 2015-இல் திருத்துவதற்கு எந்தப் புகாரும் மிச்சமில்லை. நேசிக்கப்பட்ட ஒரு துணிச்சலுக்குப் பின்னால் வரும் அடக்கம் இறங்குமுகமாகத்தான் தெரியும்.

அளவுகள் சொல்வது வேறு

"எக்ஸ்எஃப் மாறவே இல்லை" என்ற புகாரை அளவுநாடா ஏற்றுக்கொள்ளாது. நீளம், வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) இரண்டையும் மட்டும் பாருங்கள் (மி.மீ.):

5 சீரிஸ், 2003 → 2010: நீளம் 4841 → 4899, வீல்பேஸ் 2888 → 2968
எக்ஸ்எஃப், 2007 → 2015: நீளம் 4961 → 4954, வீல்பேஸ் 2909 → 2960
ஈ-கிளாஸ், 2013 → 2016: நீளம் 43 கூடி 4923, வீல்பேஸ் 65 கூடி 2939

நீளத்திலிருந்து வீல்பேஸைக் கழித்தால், சக்கரங்களுக்கு வெளியே முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி கிடைக்கும். 5 சீரிஸிலும் ஈ-கிளாஸிலும் அது 22 மி.மீ. குறைந்தது. எக்ஸ்எஃப்பில் 58 மி.மீ. குறைந்தது. நிற்கும் தோரணையை மாற்றுவது இந்த எண்தான். மூன்றில் அதிகம் மாறிய கார், மாறவே இல்லை என்று பேர் வாங்கிய கார். போதாததற்கு உடலில் 75 சதவீதம் அலுமினியம், காற்றுத்தடைக் குணகம் (குறையக் குறைய நல்லது) 0.26.

பக்கவாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. பின்கதவுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு சிறிய கண்ணாடி வந்தது. ஜாகுவாரின் சிறிய செடானான எக்ஸ்இ-யில் அது கிடையாது. ஆனால் முதல் நாள் எல்லோர் கண்ணிலும் படுவது முன்பக்கப் படம். அதில் கிரிலும் விளக்கும் மட்டும்தான் பேசும், பின்தூண் கண்ணாடி பேசாது. மக்கள் பார்வையில் தவறில்லை. வித்தியாசத்தையெல்லாம் பக்கவாட்டில் வைத்துவிட்டு முகத்தை மட்டும் பொதுவாக விட்டதுதான் பிசகு.

அறிமுக வரிசை

தீர்மானமான காரணம் இதுதான் என்பது நம் கணிப்பு. பிஎம்டபிள்யூ 2008-இல் தன் உச்ச செடானான 7 சீரிஸைக் கொண்டுவந்தது, அதன் முகத்தை 2010-இல் 5 சீரிஸுக்குக் கொடுத்தது, சிறிய 3 சீரிஸ் அதற்குப் பிறகே வந்தது. மெர்சிடிஸ் 2013-இல் உச்ச செடானான எஸ்-கிளாஸ், 2014-இல் சிறிய சி-கிளாஸ், 2016-இல் ஈ-கிளாஸ் என்று போனது. ஈ-கிளாஸ் சி-கிளாஸைப் போல இருக்கிறது என்று குறைப்பட்டவர்களும்கூட, இரண்டுமே எஸ்-கிளாஸைப் போல இருக்கின்றன என்பதை மறுக்க முடியவில்லை. அந்தச் சாயல் மேலிருந்து இறங்கியது. வாங்குபவருக்கு அது பெருமை.

ஜாகுவாரோ 2014 செப்டம்பரில் எக்ஸ்இ-யைக் காட்டியது. 4672 மி.மீ. நீளமுள்ள, விலை குறைந்த தம்பி. ஆறே மாதத்தில் அதே முகத்தோடு எக்ஸ்எஃப் வந்தது. மேலே இருந்த பெரிய செடானான எக்ஸ்ஜே 2009-லிருந்து தனக்கென்று வேறொரு தோற்றத்தோடு இருந்ததால், எக்ஸ்எஃப் மேலே பார்த்துச் சொந்தம் கொண்டாட ஆள் இல்லை. இத்தனைக்கும் நீளத்தில் எக்ஸ்இ-க்கும் எக்ஸ்எஃப்புக்கும் 282 மி.மீ. இடைவெளி, சி-க்கும் ஈ-க்கும் 237 தான். அளவில் அதிகம் விலகியிருந்த ஜோடிதான் அதிகம் குழம்பியது. வரிசையை மாற்றி எக்ஸ்எஃப்பை முதலில் காட்டியிருந்தால், "எக்ஸ்இ குட்டி எக்ஸ்எஃப் மாதிரி இருக்கு" என்று அதே மக்கள் பாராட்டியிருப்பார்கள்.

விற்பனையில் இன்னொரு பாரமும் சேர்ந்தது. வாங்குபவர்கள் எஸ்யூவி பக்கம் சாய்ந்துகொண்டிருந்த காலம் அது. ஜாகுவார் காட்சியகத்திலேயே எஃப்-பேஸ் என்ற எஸ்யூவி பக்கத்தில் நின்றது. எல்லாப் பழியையும் கிரில் மீது போடுவது நியாயமில்லை.

உள்ளே

வெளியே அடக்கம் காட்டினால் உள்ளே ஏதாவது கொடுக்க வேண்டும். மெர்சிடிஸ் இதைச் சரியாகச் செய்தது: இரண்டு 12.3 அங்குலத் திரைகளை ஒரே கண்ணாடிக்கு அடியில் படுக்கவைத்தது. வெளித்தோற்றம் பற்றிய முணுமுணுப்பு அந்தப் படங்கள் வந்ததும் அடங்கியது. பழைய கார் தேடுபவர்கள் கவனிக்க: எல்லா ஈ-கிளாஸிலும் அது இல்லை. பல சந்தைகளில் அடிப்படை வகைகளுக்கு ஊசி மீட்டர்களும் நடுவில் 8.4 அங்குலத் திரையும்தான்.

ஜாகுவார் உள்ளேயும் பின்வாங்கியது. முதல் எக்ஸ்எஃப்பில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் நான்கு ஏசி துவாரங்களும் சுழன்று திறக்கும், கியர்க்குமிழ் மேலெழும். 2015-இல் குமிழ் தங்கியது, துவாரங்களில் ஓரத்து இரண்டு மட்டும் சுழன்றன. சின்ன விஷயம்தான். ஆனால் அந்தக் காரை நேசித்தவர்கள் ஒவ்வொரு முறை ஏறி உட்காரும்போதும் பார்த்த விஷயம் அது.

துணிச்சல் எப்போதும் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. 1994 ஃபோர்டு ஸ்கார்பியோவைப் பாருங்கள். துருத்திய விளக்குகள், அகன்ற வாய். 1998-இல் வாரிசு இல்லாமலே முடிந்துபோனது. அதன் கோளாறு துணிச்சல் அல்ல. 1985 காரின் நடுவுடலை அப்படியே வைத்துக்கொண்டு மூக்கையும் வாலையும் மட்டும் புதிதாக ஒட்டியது. கதவுக்கோடு ஓரிடத்தில் முடிய, பானெட் கோடு வேறெங்கோ தொடங்கும். விகிதம் பழையதாக இருக்கும்போது முகத்தில் கத்துவதைவிட, விகிதத்தைத் திருத்திவிட்டு முகத்தை அமைதியாக விடுவது பல மடங்கு நல்லது. ஆடி 2011 ஏ6-இல் முன் அச்சை 71 மி.மீ. முன்னே நகர்த்தியது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. படத்தில் பழைய ஏ6 போலவே தெரியும். நேரில் அந்தக் கனத்த மூக்கு காணாமல் போயிருக்கும்.

நேரில் எப்படி மதிப்பிடுவது

கைப்பேசியை காருக்கு அருகில் வைத்து எடுத்த படத்தை நம்ப வேண்டாம். அகலக்கோண லென்ஸ் கிரிலை ஊதிக் காட்டும், பின்பக்கத்தைச் சுருக்கும். 8 முதல் 10 மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூமில், ஹெட்லைட் உயரத்தில் வைத்து எடுங்கள். பிறகு முன்சக்கர வளைவுக்கும் முன்கதவின் முன்விளிம்புக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். அது தாராளமாக இருந்தால் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் கார் கம்பீரமாக நிற்கும். இந்த மூன்றிலும் அது நன்றாகவே இருக்கிறது.

வழவழப்பான பக்கவாட்டைச் சக்கரம்தான் தூக்கிக் காட்டும் அல்லது அமுக்கிவிடும். 5 சீரிஸில் 225/55 ஆர்17 டயரின் (அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் அதில் 55 சதவீதம், ரிம் 17 அங்குலம்) பக்கச்சுவர் 124 மி.மீ., 245/45 ஆர்18-க்கு 110, 19 அங்குலத்தில் முன்னால் 245/40 போட்டால் 98. மூன்றின் வெளிவிட்டமும் ஏறத்தாழ 680 மி.மீ. தான்; கூடுவது ரிம், குறைவது ரப்பர். 17 அங்குலத்தில் பக்கவாட்டு வெறுமையாகத் தெரியும். 19-இல் பார்க்க அழகு, ஆனால் ரன்பிளாட் டயரோடு (காற்று போனாலும் ஓடும் கெட்டிச் சுவர் டயர்) சேர்ந்தால் குழி ஒவ்வொன்றும் முதுகுக்கு வரும், ரிம் வளையும் வாய்ப்பும் கூடும். 18 தான் சரியான இடம்.

நிறமும் முக்கியம். மெல்லிய மடிப்புகளை நம்பி வரைந்த உடலைக் கறுப்பும் அடர்நீலமும் விழுங்கிவிடும். வெள்ளி, நடுத்தரச் சாம்பல் இரண்டிலும் ஒளியும் நிழலும் பிரிந்து கோடுகள் தெரியும்.

இடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் வாங்குமுன் யோசிக்க வேண்டும். 5 சீரிஸில் பானெட், கதவுகள், முன்பெண்டர்கள் அலுமினியம், உடற்கூடு பெரும்பாலும் எஃகு. எக்ஸ்எஃப்பில் கூடே பெரும்பாலும் அலுமினியம், ரிவெட்டும் பசையும் போட்டு இணைத்தது. சாதாரண டிங்கரிங் பட்டறையில் சூடுகாட்டி இழுத்து நிமிர்த்தினால் உலோகத்தின் வலு போய்விடும். எஃகு தேய்த்த அதே சாணைத்தூள் அலுமினியத்தில் படிந்தால் பெயின்ட்டுக்கு அடியில் அரிப்பு தொடங்கி, சில மாதங்களில் கொப்புளமாக எழும். தனி அறை, தனிக் கருவிகள் உள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும். பழைய எக்ஸ்எஃப்பில் ரிவெட் வரிசை எங்காவது மாறியிருக்கிறதா, அதன் மேல் சீலன்ட் பூச்சு சீராக ஓடுகிறதா என்று பானெட்டுக்கு அடியிலும் டிக்கித் தரையிலும் பாருங்கள். ஈ-கிளாஸில் 84 எல்இடிகள் கொண்ட மல்டிபீம் ஹெட்லைட் இருந்தால் உள்ளே நீராவி படிந்திருக்கிறதா பாருங்கள். முழு விளக்கையும் மாற்றி, காரின் கணினியோடு கோடிங் (மென்பொருள் பதிவு) செய்ய வேண்டிவரும்.

தோற்றத்துக்காக மட்டும் தேர்ந்தெடுப்பதென்றால் நம் வரிசை: முதலில் 2010 5 சீரிஸ், மிக அருகில் எக்ஸ்எஃப், மூன்றாவது ஈ-கிளாஸ். ஈ-கிளாஸில் பானெட் மீது நட்சத்திரம் நிற்கும் பழைய பாணி கிரில் கிடைத்தால் அது இரண்டாவது இடத்துக்கு வந்துவிடும். சி-கிளாஸோடு குழப்பம் அங்கே வெகுவாகக் குறைகிறது.

2017-இல் வந்த எக்ஸ்எஃப் ஸ்போர்ட்பிரேக்கை (கூரை பின்வரை நீளும் எஸ்டேட் வகை) யாரும் "தம்பி மாதிரி" என்று சொன்னதில்லை. அதே கிரில், அதே விளக்கு, அதே பானெட். எக்ஸ்இ-யில் எஸ்டேட் வகை வரவே இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.